சமத்துவம் யாருக்கு?



பிரஞ்சு தேசத்தில் சர்க்கார் கட்டடங்களின் முகப்பிலே சுதந்தரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று வார்த்தைகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இவற்றை மகான்கள் அருளிய மந்திரமாக நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவதில் பிரயோஜனம் ஒன்றுமில்லை. இவை ஏன் பிறந்தன, யாரால் நிலைத்தன என்று விசாரித்துப் பார்க்க வேண்டும்.

1789-க்கு முன் அந்நாட்டு ஜனங்கள் மூன்று வகுப்பாய்ப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். பாதிரிமார் முதல் வகுப்பு. பிரபுக்கள் இரண்டாம் வகுப்பு. உழுகிறவன், நெய்கிறவன், வியாபாரி, வக்கீல் எல்லோரும் மூன்றாம் வகுப்பு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இந்த மூன்றாம் வகுப்பார்தான். வரிச் சுமை இவர்கள் தலையில். வரி விலக்கும் பெரிய உத்தியோகமும் மேல் வகுப்பாருக்கு. பிரபு வீட்டுப் பிள்ளைக்குப் பிறப்பைத் தவிர வேறு யோக்கியதை வேண்டியதில்லை. கஜானா காலியாகி, ரொட்டி விலையும் ஏறியபோது ஜனங்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஆகஸ்டு 4-ந் தேதி இரவு மேல் வகுப்பாரின் விசேஷ உரிமைகளை ஒழிப்பதென்று தீர்மானமாயிற்று. 26-ந் தேதி, உரிமையில் எல்லோரும் சமம் என்னும் மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறிற்று.

சரி, "எல்லோரும்" என்றால் யார் யார்? பெண்களுக்கும் அதே உரிமை உண்டென்று ஒலிம்ப் தெ கூஜ் என்ற அம்மையார் 1791-ல் ஒரு பிரகடனம் எழுதினார். ஆனால் பிரஞ்சுப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்ததோ 1944-ல்! 155 வருஷம் "எல்லோரும்" என்பதற்குள் பெண் இல்லை.

கடலுக்கப்பால் பிரஞ்சுக்காரர் ஆண்ட செயின்ட் டொமிங்கு தீவில், கரும்புத் தோட்டங்களிலும் காப்பித் தோட்டங்களிலும் சுமார் 5 லட்சம் ஆப்பிரிக்கர் அடிமைகளாயிருந்தார்கள். பிரகடனம் வந்தும் சவுக்கு ஓயவில்லை. 1791-ல் அவர்களே எழுந்தார்கள். அதன் பிறகே, 1794-ல், பாரிஸ் சபை அடிமைத்தனத்தை ஒழித்தது. 1802-ல் நெப்போலியன் அதற்கு மறுபடியும் உயிர் கொடுத்தான். அவர்களுடைய தலைவர் தூசேன் லூவெர்த்தூர் 1803-ல் பிரஞ்சுச் சிறையிலே மாண்டார். அப்படியும் அவர்கள் பணியவில்லை. 1804 ஜனவரி 1-ந் தேதி ஹெய்தி என்ற சுதந்தர நாடு பிறந்தது. 1825-லே பிரஞ்சு சர்க்கார் யுத்தக் கப்பல்களை அனுப்பி, பழைய தோட்ட முதலாளிகளின் நஷ்டத்திற்காக 15 கோடி பிராங்கு கேட்டது! அடிமையாயிருந்தவன் தன் உடம்புக்குத் தானே கிரயம் கொடுக்க வேண்டுமாம்!

அப்படியானால் அந்த வார்த்தைகள் வெறும் புரட்டா என்று கேட்பீர்கள். எழுதினவர்களில் பலர் புரட்டர்களாயிருக்கலாம், வார்த்தை புரட்டல்ல. எடைக்கல்லைச் செய்தவன் கள்ள வியாபாரியாயிருந்தாலும், கல் சரியாயிருந்தால் அதைக்கொண்டு அவன் சரக்கையே நிறுத்துப் பார்க்கலாமல்லவா? ஹெய்தி அடிமைகள் அப்படித்தான் நிறுத்துக் காட்டினார்கள்.

ஆகையால் தோழர்களே, எந்தத் தேசத்தார் எவ்வளவு உயர்ந்த இலட்சியத்தைச் சொன்னாலும் கை தட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். அதில் நான் உண்டா? என் வீட்டுப் பெண் உண்டா? எனக்குக் கீழானவன் என்று நான் நினைத்துக் கொண்டிருக்கிறேனே, அவன் உண்டா? மூன்றாவது கேள்வியைக் கேட்கத் தயங்குகிறவன் தானும் ஒரு பிரபுவே என்று சொல்லி, என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.