கையெழுத்துக்குப் பின்னால் இருப்பவர்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டிச் சல்லியில் நடந்த பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆவணத் தேடற் குழுவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய மாணவிகளின் பல்கலைக்கழக ஆவணங்களைத் தேடும் பொறுப்பைச் சங்கம் எங்கள் குழுவிடம் தந்தது. பட்டச் சான்றிதழ், அனுமதிக் கடிதம், மாணவர் பதிவுப் புத்தகம், பரீட்சை அனுமதி அட்டை, விடுதிக் கடிதம் என்று கையெழுத்தும் முத்திரையும் உள்ள எதையும் பார்ப்பது என்று தொடங்கினோம். புகழ்பெற்றவர்களின் கையெழுத்துக்காகப் பழைய சான்றிதழ்களை விலை கொடுத்து வாங்கிச் சேர்ப்போர் வெளிநாடுகளில் உண்டு. எங்கள் வேலை அதுவல்ல. ஒரு தாளையும் நாங்கள் வாங்கவில்லை, வீட்டை விட்டு எடுத்து வரவும் இல்லை. திண்ணையில் வைத்துப் படம் எடுத்தோம்; உரியவரிடம் கதை கேட்டு எழுதினோம்; தாளை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தோம்.

முதலில் நாங்கள் கற்றுக்கொண்டது, தாளின் தலைப்பை வாசிக்கும் வித்தை. 1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது பட்டம் வழங்கும் அதிகாரம் அதற்கு இருக்கவில்லை. மாணவர் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே தோற்றினர். 1942 யூலை 1 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானது. 1972 இல் எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஒரே நிறுவனமாக்கப்பட்டு வளாகங்களாயின. 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அவை மறுபடியும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயின. ஆகவே பேராதனையில் ஒரே மண்டபத்தில் படித்த தாயும் மகளும் வெவ்வேறு பெயர் கொண்ட தாள்களை வைத்திருக்கலாம். ஆங்கிலத்தில் 'சிலோன்' என்று இருந்தால் முன்னையது, 'ஸ்ரீலங்கா' என்று இருந்தால் பின்னையது. தமிழில் இரண்டுக்கும் 'இலங்கைப் பல்கலைக்கழகம்' என்றே சொல்வதால் தலைப்பை மட்டும் நம்பாமல் ஆண்டையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது கையெழுத்து. கீழே கிறுக்கலாய்த் தெரிவது ஒரு மனிதரின் வாழ்க்கை. 1942 முதல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் துணைவேந்தராக இருந்த சேர் ஐவர் ஜெனிங்ஸ் ஓர் அரசியலமைப்புச் சட்ட அறிஞர், டி. எஸ். சேனநாயக்காவுக்கு ஆலோசனை சொன்னவர். அவருக்குப் பின் வந்த சேர் நிக்கலஸ் ஆட்டிகல ஒரு மகப்பேற்று மருத்துவர். 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி, முன்பு 'தினகரன்' ஆசிரியராக இருந்த விமரிசகர். 1979 இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். நம் கூத்துக்களைப் பேராதனை மேடைக்குக் கொண்டுபோனவர் அவர். தங்கள் பட்டத் தாளில் கையெழுத்திட்டவர் இன்னார் என்று நாங்கள் சொன்னபோது, அது தெரியாமலே நாற்பது வருடம் அந்தத் தாளைக் காத்த அக்காமார் சிலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார்கள்.

பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த சுவாமி விபுலாநந்தர் 1920 இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பீ.எஸ்ஸி. பட்டம் பெற்றவர். துறவு பூண்டது 1924 இல். ஆகவே பட்டம் பெற்றபோது அவர் காரைதீவு மயில்வாகனம்தான். விபுலாநந்தர் என்று தேடினால் அந்தப் பட்டதாரி அகப்பட மாட்டார். நம் மாணவிகளின் கதையும் இதுவே. பட்டத் தாளில் தகப்பனின் முதலெழுத்து. நியமனக் கடிதத்தில் கணவனின் பெயர். ஊரில் 'ரீச்சர்' மட்டும். ஒரே பெண்ணின் மூன்று தாள்களை மூன்று பேருடையவை என்று எண்ணி ஒதுக்கிவிட எவ்வளவு நேரம் ஆகும்? அதனால் ஒவ்வொரு படத்தோடும் பிறந்த பெயர், மணமான பின் வழங்கிய பெயர், ஊரார் அழைத்த பெயர் மூன்றையும் குறித்திருக்கிறோம்.

நம் பெண்களின் கல்வித் தடம் கரை கடந்தும் கிடக்கிறது. கலாநிதி ஈ. எம். தில்லையம்பலம் இலக்னோவில் விலங்கியல் கற்பித்தவர். பின்னர் சுண்டிக்குளி மகளிர் கல்லூரி அதிபரானவர். 1928 இல் அவர் எழுதி வெளிவந்த ஆய்வு நூல் சுறாவின் உடலமைப்பைப் பற்றியது. சுறாவை வெட்டிக் கருவாடு போடும் நம் கரையில் எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்? அந்த மீனை அறுத்துப் பார்த்து ஒரு தமிழ்ப் பெண் எழுதிய நூலைக் கொண்டு இந்திய மாணவர் விலங்கியல் படித்தார்கள் என்று வகுப்பில் சொல்லுங்கள்.

இனி, கிடைக்காதவற்றைப் பற்றி. 1990 இல் வள்ளத்திலும் கால்நடையாகவும் போனவர்கள் பிள்ளையைத் தூக்கினார்கள்; பெட்டியைத் தூக்க முடியவில்லை. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது யோசிக்கவே நேரமில்லை. மூலப் பிரதி போன பல வீடுகளில் எஞ்சியிருப்பது, எங்கோ ஒரு விண்ணப்பத்துக்காக எடுத்து, சமாதான நீதவான் 'உண்மைப் பிரதி' என்று ஒப்பமிட்ட நிழற்படப் பிரதி மட்டும். துணைவேந்தரின் கையெழுத்து மங்கிவிட்டது. நீதவானின் நீல மை பளிச்சென்று இருக்கிறது. அந்தத் தாளை நாங்கள் இரண்டாந்தரமாக வைக்கவில்லை. ஓர் அக்கா அப்படி ஒரு பிரதியைக் காட்டித்தான் தன் வேலையைத் திரும்பப் பெற்றார். 'மூலம் எங்கே?' என்று ஓர் அலுவலகம் அவரை மாதக்கணக்கில் அலைய வைத்தது. அவருக்காகச் சாட்சி சொன்னது அந்த நீதவானின் கையெழுத்து.

எங்கள் குழுவுக்குள் வாக்குவாதம் வந்த ஒரு தாளும் உண்டு. பேராதனைக்கு எடுபட்டும் போகாத ஒருவரின் அனுமதிக் கடிதம் அது. தகப்பன் கடலில் இறந்த வருடம். தம்பிமார் சின்னப் பிள்ளைகள். பட்டம் பெறாதவரின் கடிதத்தைப் பட்டதாரிகளின் தொகுப்பில் வைப்பதா, அது அவரை நோகச் செய்யாதா என்று சிலர் கேட்டோம். முடிவை அவரிடமே விட்டோம். அவர் பிஸ்கட் தகரப்பெட்டியைத் திறந்து கடிதத்தை எடுத்துத் தந்தார். "போகாட்டியும் எடுபட்டது நான்தானே பிள்ளை. வையுங்கோ" என்றார். வைத்திருக்கிறோம். அதன் பிறகு தொகுப்பின் பெயரில் இருந்த 'பட்டதாரிகள்' என்ற சொல்லை எடுத்துவிட்டோம்.

வீட்டில் தாள் வைத்திருப்போருக்குச் சில வார்த்தை. லமினேற் செய்யாதீர்கள், ஒட்டிய பிளாஸ்ரிக்கைப் பிறகு கழற்ற முடியாது, சூட்டில் மையும் கெடும். கிழிசலுக்குச் செலோரேப் ஒட்டாதீர்கள். அது மஞ்சளாகித் தாளையும் தின்னும். மடித்த தாளை மெல்ல விரித்து, வெள்ளைப் பருத்தித் துணியில் தட்டையாக வையுங்கள். நம் கரையின் உப்புக் காற்றில் இரும்புப் பெட்டி துருப்பிடிக்கும்; அடியில் ஒரு பலகை வையுங்கள். படம் எடுக்கும்போது பகல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். பின்பக்கத்தையும் எடுங்கள். முத்திரையும் திகதியும் பல வேளை அங்கேதான் இருக்கும். அடையாள அட்டை இலக்கமும் முகவரியும் உள்ள பகுதியை மறைத்தே வெளியிடுவோம் என்று உறுதி தருகிறோம்.

இன்று நிலாவெளி வீதியில் கோணேசபுரியிலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. நம் பேத்திமார் பஸ்ஸில் போய் வருகிறார்கள். அவர்களுடைய தாள்களும் ஒரு நாள் பழையவையாகும். பட்டமளிப்பு முடிந்து வரும் கிழமையே ஒரு படம் எடுத்துச் சங்கத்துக்குத் தரும்படி அவர்களிடம் சொல்லுங்கள்.

இன்னும் திறக்காத பெட்டிகள் இருக்கின்றன. இந்த மலர் கைக்கு வந்ததும் அம்மாவிடம், அம்மம்மாவிடம் ஒரு தடவை கேளுங்கள். கூப்பிட்டால் நாங்கள் வருவோம்.