அறிமுகக் கையெழுத்து

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

செயலாளர் ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் போனால் டீ ஆறிவிடும்.

நம் குடியிருப்பில் வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களில் மூன்று பேர் தாயகம் திரும்பிய குடும்பத்தினர். 'சிலோன்காரங்க' என்று சொல்லி நாம் நிறுத்திக்கொள்கிறோம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களை 1948-ன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று பிரித்தார்கள். விரும்பி வந்தவர்களும் உண்டு, வெளியேறச் சொல்லி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. மலையிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிப்போன ரயிலை 'அழுகைக் கோச்சி' என்றார்கள்.

அரசு கைவிட்டது என்று சொல்ல மாட்டேன். மண்டபம் முகாம், நீலகிரியில் டான்டீ தோட்டம், வியாபாரக் கடன், 1969-ல் தாயகம் திரும்பியோருக்கென்றே ரெப்கோ வங்கி, எல்லாம் இருந்தது. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

1983. நீலகிரியில் ஒரு கிளையில் நான் புதுக் குமாஸ்தா. குடும்ப அட்டையோடு ஒருவர் வந்தார், பின்னால் மனைவி, இரண்டு பிள்ளைகள். கடன் தொகையைப் போட ஒரு கணக்கு வேண்டும். அந்தக் காலத்தில் ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போடணும். "யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றேன்.

"இந்த ஊர்ல எங்களை யாருங்க ஐயா தெரியும்?" என்று கேட்டார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் வந்து கையெழுத்துப் போட்டார். அதற்குள் அந்த அம்மாவின் தோடு அடகுக்குப் போயிருந்தது. எனக்கும் அதே கிளையில் கணக்கு இருந்தது. நானே போட்டிருக்கலாம். விதிப்படி எனக்குத் தடை இருந்ததா என்று அன்றைக்கு மேனேஜரைக் கேட்கக்கூட இல்லை.

பழைய துணி, அரிசி வசூல் செய்யலாம் என்று சிலர் சொன்னீர்கள். செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் போன மாதம் அந்த அம்மாக்களிடம் நான் கேட்டபோது அரிசியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஒருவர் பேத்தியின் கல்விக்கடன் விண்ணப்பத்தைக் காட்டினார். இன்னொருவருக்கு முதியோர் உதவித்தொகை. பழைய அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க அறையில் உட்காரப் போகிறேன். வங்கிப் படிவம் எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் விண்ணப்பிக்கத் தெரிந்த இரண்டு பேர் வேண்டும். தாலுகா அலுவலகத்துக்கு அவர்களோடு கூடப்போக, காரும் பொறுமையும் உள்ள ஒருவர் வேண்டும். பெயர் கொடுக்கிறவர்கள் டீ குடித்துவிட்டு என்னிடம் வாருங்கள்.