விட்ட பழக்கம் திரும்பி வராமல் இருக்க

(நானுஓயாவில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய சுகாதாரக் கூட்டத்தில் எங்கள் நலன்புரிக் குழு நிகழ்த்திய பேச்சு)



மலையிலிருந்து இறங்கி, நனைந்த படங்கைக்கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டிப் பேச மாட்டோம். இன்றைக்குப் பேசப்போவது உங்கள் இடுப்பில் இருக்கிற வெற்றிலைப் பையைப் பற்றி. சிலர் கையால் மறைக்கிறதும் தெரிகிறது! பறிக்க வரவில்லை, பயப்பட வேண்டாம்.

வெற்றிலை போட்டால் வாய் கெடும் என்று இங்கே தெரியாதவர் யாரும் இல்லை. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயைக் கொண்டுவரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1985 இலேயே சொல்லிவிட்டது. 2004 இல், புகையிலை சேராவிட்டாலும் பாக்கே போதும் என்றது. "நான் போயிலை போடுறதில்லீங்க, வெறும் பாக்குதான்" என்று சொல்லுகிற அக்காமார் இதைக் கவனிக்க வேண்டும். மெல்லுகிற புகையிலைப் பொருட்களுக்கு நம் அரசாங்கம் 2016 இல் தடையும் போட்டது. இவ்வளவு இருந்தும் பை காலியாகவில்லை. அப்படியானால் குறை அறிவில் இல்லை.

பனியில் விறைத்த உடம்புக்குச் சூடு. பசியைக் கொஞ்சம் தள்ளிப்போட ஒரு வழி. அட்டை கடித்தால் துப்பி விழுத்தவும் அதே சாறு. இப்படிப் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கூடவே வந்த ஒன்றை, ஒரு நாள் கூட்டத்தில் கை தட்டிவிட்டு விட்டுவிட முடியுமா?

எங்கள் குழுவிலேயே ஒருவர் இருக்கிறார். ஆடித் திருவிழாவில் அம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். பதினொரு நாள் தாக்குப்பிடித்தது. பன்னிரண்டாம் நாள் ஒரு சாவு வீட்டில் தட்டு சுற்றி வந்தது. எடுத்துவிட்டார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சத்தியத்தை மீறிவிட்டோமே என்ற வெட்கத்தில் ஒளித்து ஒளித்துப் போட ஆரம்பித்து, முன்னைவிட அதிகமாகப் போட்டார். பயமும் சத்தியமும் ஆளைத் தொடக்கிவிடும். ஆனால் சாவு வீடு வரைக்கும் கூட வராது.

பின்னே எது கூட வரும்?

இந்தியாவில் 1970களின் கடைசியில் ஒரு பெரிய வேலை தொடங்கினார்கள். கேரளாவின் எர்ணாகுளம் உட்பட மூன்று மாவட்டங்களில், புகையிலைப் பழக்கம் உள்ள கிராமத்து ஆட்கள் 36,000 பேரைத் தேடிப் போனார்கள். வாயைத் திறந்து பார்த்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். முக்கியமானது, ஒரு தடவையோடு விடவில்லை. வருஷா வருஷம் அதே வீட்டுக்குத் திரும்பப் போனார்கள். 1986 இல் ஐந்து வருஷக் கணக்கு வெளிவந்தது. முழுசாக விட்டவர்கள் கொஞ்சப் பேர்தான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் விட்டவர்கள், குறைத்தவர்கள் சேர்ந்து எர்ணாகுளத்தில் வாயில் புதிதாக வெள்ளைத் திட்டு வருவது நன்றாகக் குறைந்திருந்தது. "என்னம்மா, எப்படி இருக்கு?" என்று கேட்க ஓர் ஆள் திரும்ப வருகிறார் அல்லவா, அங்கேதான் விஷயம் இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம்.

நமக்கு எர்ணாகுளத்திலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. பக்கத்துக் காம்பராவில் இருக்கிறார், அடுத்த நிரையில் கொழுந்து எடுக்கிறார். தனியாக விடாதீர்கள். இரண்டு பேர், மூன்று பேராகச் சேருங்கள். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஒருவரை ஒருவர் கேளுங்கள். வெற்றிலைக் காசைச் சீட்டாகப் போட்டால் இன்னும் நல்லது. காசு விஷயம் என்றால் கேட்க மறக்க மாட்டீர்கள்.

அப்புறம் அவரவருக்கு ஒரு காரணம் வேண்டும். புற்றுநோய் என்பது தூரத்துக் காரணம். ஒரு அம்மா எங்களிடம் சொன்னார்: "டாக்டர் சொன்னப்ப நான் விடலைங்க. பேத்தி பிள்ளை மடுவத்தில கன்னத்தை உப்பிக்கிட்டு, இலையை மென்னு, என்னை மாதிரியே புளிச்சுன்னு துப்புனா. அன்னைக்குப் பையை அடுப்பில போட்டேன்." அதற்குப் பிறகும் இரண்டு தடவை திரும்பப் போட்டிருக்கிறார். பேத்தி கண் முன்னால் இருந்ததால் இரண்டு தடவையும் மறுபடி விட்டார். தவறினால் கணக்கு முடிந்துவிடவில்லை. மறுநாள் பிரட்டுக்குப் போகிற மாதிரி மறுபடி போக வேண்டியதுதான்.

ஆசை எந்த நேரத்தில் வருகிறது என்று பார்த்து வையுங்கள். பெரும்பாலும் தேத்தண்ணி குடித்த கையோடு, இல்லாவிட்டால் மழைக்கு ஒதுங்கும்போது. அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு கராம்போ கொஞ்சம் பெருஞ்சீரகமோ முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள். புகையிலை போட்டவர்களுக்கு முதல் சில நாள் எரிச்சல் வரும், தூக்கம் கெடும். வீட்டு ஆண்கள் கொஞ்சம் பொறுத்துப் போக வேண்டும். உங்களுக்கும் பை உண்டு, மறந்துவிடாதீர்கள்! பரிசத்துக்கும் கல்யாணத்துக்கும் தட்டு மாற்றுவதை நாங்கள் நிறுத்தச் சொல்லவில்லை. மரியாதைக்கு வாங்குங்கள், வாயில் போட வேண்டாம்.

இப்போது தேத்தண்ணி தருவார்கள். இஞ்சி போட்டது. கதவுப் பக்கம் இரண்டு கண்ணாடியும் டோர்ச் லைட்டும் வைத்திருக்கிறோம். ஒருவர் வாயை ஒருவர் பாருங்கள். வெள்ளையாக, சிவப்பாகத் திட்டு இருந்தால், இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண் இருந்தால், மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் விட முடியாவிட்டால், வலி இல்லையே என்று விட்டுவிடாமல் பெயரைக் கொடுங்கள். நுவரெலியா ஆஸ்பத்திரிப் பல் பகுதிக்கு நாங்களே கூட்டிக்கொண்டு போவோம். அடுத்த மாதச் சம்பளக் கிழமைக்குப் பிறகு திரும்ப வருவோம், வந்து கேட்போம்.