எழுவான்கரையும் படுவான்கரையும் பேசவேண்டும்

(மட்டக்களப்பில் கூடிய இலக்கிய அன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



"அறிஞரோடு உரையாடல்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். அறிஞரோடு உரையாடல் என்றதும் நம் நினைவுக்கு வருவது பத்திரிகைப் பேட்டி. நம்மவர் எடுக்கும் பேட்டிகளைப் பாருங்கள். எழுத்தாளர் பிறந்த ஊர் எது, எழுதிய நூல்கள் எத்தனை, பெற்ற பரிசில்கள் எவை, இளைஞர்க்கு அவர் கூறும் அறிவுரை யாது? இத்துடன் பேட்டி முடிந்துவிடும். "ஐயா, தாங்கள் எழுதியவற்றுள் பிழையென்று பின்னர் உணர்ந்தது எது? யார் சொல்லைக் கேட்டு மனம் மாறினீர்கள்?" என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் அது மரியாதைக் குறைவாம்! விடை முன்பே தெரிந்த கேள்வியைக் கேட்பதற்கு இருவர் எதற்கு?

உண்மையான கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் தேடிக் கடல்கடந்து போகவேண்டாம். நாம் "ஆறு" என்றழைக்கும் இந்த வாவியிலேயே ஒன்று நடந்திருக்கின்றது.

1848ஆம் ஆண்டு புரட்டாதி மாதமளவில் எமர்சன் தெனந்து என்னும் ஆங்கிலேயர் மட்டக்களப்புக்கு வந்தார். இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்தவர் அவர். வாவியின் அடியிலிருந்து இசை எழுகின்றது என்று கேள்விப்பட்டு மீனவரை அழைத்து விசாரித்தார். ஓசை உண்மை என்றும், தம் தந்தையர் காலத்திலிருந்தே அறிந்தது என்றும், அதனை எழுப்புவது மீனன்று, ஊரி என்றும் அவர்கள் சொன்னார்கள். அந்த ஊரியைக் கொண்டுவந்து காட்டவும் செய்தார்கள். அதன்பின் நிலாவொளியில் தோணியேறிச் சென்று, தோணியின் மரப்பலகையில் காதை வைத்தும் கேட்டார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்க்கும்போது எழும் நாதம் போன்றிருந்தது என்று 1859இல் வெளியான தம் நூலில் எழுதினார்.

அந்நூலில் நம்மவரைப்பற்றி அவர் எழுதியவற்றுள் நாம் ஒப்புக்கொள்ள முடியாதவை பல உண்டு. மீனவர் சொன்ன தமிழ்ச் சொல்லையும் ஆங்கில எழுத்திலே உருத்தெரியாமல் சிதைத்துவிட்டார். ஆயினும் தாம் கற்றது மீனவர் வாயிலிருந்து என்பதை அவர் மறைக்கவில்லை. ஓர் ஆட்சியாளர், எழுத்தறியா மனிதரிடம், தமக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டார். விடையைச் சோதித்துப் பார்த்தார். எழுதிவைத்தார். உரையாடல் என்று நான் சொல்வது இதனைத்தான்.

1954இல் லாங் அடிகளார் என்னும் அமெரிக்க யேசுசபைக் குருவானவர் கல்லடிப் பாலத்தருகே அவ்வோசையை ஒலிநாடாவிற் பதிவுசெய்தார். மீனா ஊரியா என்ற வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. அந்த வழக்கைத் தீர்க்கும் கடமை நம் பிள்ளைகளுடையது. கல்லடிப் பாலத்தில் மாலைவேளை கச்சான் கொறித்துக்கொண்டு காற்று வாங்குவோரில் தோணிப் பலகையிலே காதை வைத்துப் பார்த்தவர் எத்தனை பேர்? கைகளை உயர்த்தச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த நான் விரும்பவில்லை.

இவ்வோசைக்குச் செவிசாய்த்த இன்னொருவரை நீங்கள் நன்கறிவீர்கள். அவர் காரைதீவிலே 1892இல் பிறந்த மயில்வாகனனார், பின்னாளில் விபுலாநந்த அடிகள். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரானவர், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். வாவியின் இசையை நீரரமகளிர் பாடுவதாகக் கற்பனை செய்து செய்யுளும் இயற்றினார். கற்பனையோடு அவர் நின்றுவிட்டாரா? சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே யாழைப்பற்றி வரும் அடிகளுக்குப் பொருள் காணப் புகுந்தவர், நரம்பின் நீளத்தையும் சுரத்தின் அளவையும் கணிதத்தால் அளந்தார். மறைந்துபோன யாழ்களின் வடிவத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1947 ஆனியில் தமிழகத்துத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலிலே "யாழ்நூல்" அரங்கேறியது. அடுத்த மாதம், ஜூலை 19இல், அடிகள் மறைந்தார்.

அந்நூலிலே இளங்கோவடிகளும் பௌதிக விஞ்ஞானமும் பேசிக்கொள்கின்றனர். இருவருக்கும் இடையில் நின்று மொழிபெயர்த்தவர் நம்மூர் மனிதர். விஞ்ஞானம் தமிழில் பேசவேண்டும் என்பது அவருக்கு வெறும் மேடைமுழக்கமாக இருக்கவில்லை. 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமைதாங்கி அவ்வேலையிலே தாமும் இறங்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராயிருந்த காலத்தும், மாலையானால் அயலிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று, தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்.

நாம் என்ன செய்கின்றோம்? ஆண்டுதோறும் அவர் உருவப்படத்துக்கு மாலை சூட்டுகின்றோம். மாலை வாங்கிய பணத்தில் பாதிக்கு "யாழ்நூல்" வாங்கி, அதிலுள்ள ஒரு கணக்கையேனும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையிற் போட்டுக் காட்டிய ஆசிரியரை நான் கண்டதில்லை. இருந்தால் அவர் என்னை மன்னிக்க.

இனி, இன்று நான் பேச வந்த காரணத்துக்கு வருகின்றேன்.

நம் வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. கிழக்கே எழுவான்கரை, பட்டினமும் பள்ளிகளும் கந்தோர்களும் பெரும்பாலும் அங்கேதான். மேற்கே படுவான்கரை, வயல் அங்கே. கோடையிலே முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்கின்றது. மாரி பிறந்து, ஆறுகள் பெருகி, உன்னிச்சைக் குளமும் நவகிரிக் குளமும் வான்பாய்ந்தால், வெள்ளம் கடலுக்குப் போக வழியின்றிப் படுவான்கரை வயல்களிலே ஏறிநிற்கும். உழவர் "வாயை வெட்டு" என்பர். மீனவரோ, "இறால் முற்றவில்லை, இப்போது வெட்டினால் எல்லாம் கடலோடு போய்விடும்" என்பர். அகலமாக வெட்டினால் நீர்மட்டம் அளவுக்குமேல் இறங்கி, உவர்நீர் உள்ளேறும் என்ற அச்சமும் உண்டு. இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கின்றது. 2011ஆம் ஆண்டு தைமாத வெள்ளத்தில் அறுவடைக்கு நின்ற வேளாண்மை அழுகிய காட்சியைக் கண்டவர்கள் இச்சபையிலே இருக்கின்றீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இதுபற்றிய கூட்டமொன்றுக்கு நானும் போயிருந்தேன். எங்கே, யார் கூட்டியது என்பது இங்கு வேண்டாம். பொறியியலாளர் ஒருவர், தமிழ்ப்பிள்ளைதான், ஆங்கிலத்தில் வரைந்த படங்களைத் திரையிலே காட்டி ஆங்கிலத்திலேயே விளக்கினார். பின்வரிசையில் ஒரு வட்டை விதானையார் எழுந்தார். "தம்பி, நீங்கள் சொல்லும் இடத்தில் வெள்ளம் வடக்கே திரும்பாது, தெற்கேதான் திரும்பும். நாற்பது வருடமாக அதிலே நிற்கிறேன்" என்றார். "அது தொழில்நுட்ப விடயம், ஐயா" என்று விடை வந்தது. முதியவர் அமர்ந்துவிட்டார். அவர் சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

அந்தப் பொறியியலாளரை மட்டும் நான் குறைகூறவில்லை. முன்வரிசையில் இருந்த எனக்கு ஆங்கிலமும் தெரியும், தமிழும் தெரியும். எழுந்து இருவருக்கும் இடையில் நின்றிருக்கலாம். எழவில்லை. தேநீர் வந்தது, குடித்தேன். அந்த வெட்கம் இன்னும் என்னைவிட்டு நீங்கவில்லை.

தோழர்களே! 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தபோது, விளங்காத மொழியில் கடிதம் வருகின்றதே என்று கொதித்தெழுந்தோம். நியாயமான கொதிப்பு அது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்று எழுதியது. எழுத்து வந்தபின்னும் அது நடைமுறைக்கு வரவேண்டுமென்று இன்றும் போராடுகின்றோம். ஆனால், ஒரு தமிழ்ப் பொறியியலாளர் ஒரு தமிழ் உழவரிடம் அவருடைய வயலைப்பற்றி ஆங்கிலத்தில் பேசுவதற்குக் கொழும்பு எந்தச் சட்டத்தையும் இயற்றவில்லை. அந்தச் சட்டத்தை நாமே இயற்றிக்கொண்டோம்.

சொல் இல்லையென்று சொல்லாதீர்கள். வட்டை, வாய்க்கால், வான், வெள்ளம் வடியும் வேகம், நீரின் நிறம் மாறும் நாள் ஆகிய அனைத்துக்கும் இக்கரையிலே சொல் இருக்கின்றது. பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் 1964இல் "மட்டக்களப்புத் தமிழகம்" என்னும் நூலை வெளியிட்டார். இந்நாட்டு மக்களின் பாட்டையும் வழக்கையும் அவர் திரட்டியது மக்களிடம் கேட்டுத்தானே? கேட்க வேறு எவரும் போகாதிருந்தால் அவையும் கிழவர்களோடு சுடுகாடு போயிருக்கும்.

வரும் ஐப்பசிக்குப் பின்னர் முகத்துவாரம்பற்றி மறுபடியும் பேச்செழும். அதில் அமரக்கூடிய உத்தியோகத்தர் சிலர் இங்கே இருக்கின்றீர்கள். உங்களிடம் நான் வேண்டுவது சிறிது. கூட்டத்துக்கு முதல்நாள் தோணியேறிப் படுவான்கரைக்குப் போங்கள். எந்த நீர்மட்டத்தில் வயல் மூழ்கத் தொடங்குகின்றது என்று வட்டை விதானையாரைக் கேளுங்கள். திரும்பிவந்து பாலமீன்மட்டு மீனவரிடம், வெட்டிய வாய் எத்தனை நாளில் மூடும், எவ்வளவு அகலம் வெட்டினால் இறால் தங்கும் என்று கேளுங்கள். சென்ற மாரியில் அவர்கள் சொன்னது பலித்ததா என்று உங்கள் அளவுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழையிருந்தால் அவர்களிடமே சொல்லுங்கள், வாதாடுவார்கள், நல்லதுதான். விடைகளைத் தமிழில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் சொன்னவர் பெயரையும் எழுதி, ஒரு பிரதியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போங்கள். முன்வரிசையில் நானும் இருப்பேன்.