எமது ஆண்பிள்ளைகளை நாம் எப்படி வளர்க்கிறோம்?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவிகள் சங்கச் செயற்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



பெண்கள் பாடசாலையின் நூற்றாண்டு விழாவில் ஆண்பிள்ளைகளைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் செயற்குழுவிலேயே சிலருக்கு அது பிடிக்கவில்லை. "எங்கட பள்ளிக்கூடத்துக்கும் பெடியளுக்கும் என்ன சம்பந்தம்?" என்று மூத்த அக்கா ஒருவர் கேட்டார். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் எத்தனை பேர் ஆண்பிள்ளைகளின் தாய்மார், எத்தனை பேர் பேரன்மாருக்கு அம்மம்மா, அப்பம்மா என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள், அக்காவின் கேள்விக்குப் பதில் கிடைக்கும். பாடசாலை எம்மை வளர்த்தது. நாம் வளர்க்கும் பிள்ளைகளும் இப்பாடசாலையின் பெறுபேறுகளே.

விழா ஆயத்தத்துக்காக யாழ்ப்பாணம், கொழும்பு, ரொறன்ரோ, இலண்டன் என்று பல இடங்களிலிருந்தும் இணையவழியாகக் கூடினோம். மலர்க்குழு வேலை முடிந்த பின்னும் யாரும் எழுந்து போகவில்லை. கதை பிள்ளைகளைப் பற்றித் திரும்பியது. வாள்வெட்டுக் கும்பலிலோ ஐஸ் போதைப்பொருளிலோ மகன் அகப்பட்டுவிடுவானோ என்று இங்கிருக்கும் தாய் பயப்படுகிறார். கைத்தொலைபேசியில் பெண்களை இழிவாகப் பேசும் காணொளிகளை மகன் மணிக்கணக்கில் பார்க்கிறான் என்று இலண்டன் தோழி கவலைப்பட்டார். 2025 இல் வந்த 'அடலசன்ஸ்' என்ற பிரித்தானியத் தொடரில், வகுப்புத் தோழியைக் கொன்றதாக 13 வயதுச் சிறுவனொருவன் கைதாகிறான். அதைப் பார்த்த அன்று இரவு தனக்கு நித்திரை வரவில்லை என்றார் அவர். இன்னொருவர் சற்றுக் கோபமாகவே கேட்டார்: "பெண்ணியம் எண்டு எல்லாரும் கதைக்கினம். நாளைக்கு ஒரு பிள்ளை என்ர மகனிலை பொய்யாப் பழி போட்டா ஆர் எனக்குத் துணைக்கு வருவினம்?"

இப்பயங்களை நாம் சிரித்துத் தள்ளவில்லை. எமது அரச பல்கலைக்கழகங்களில் பத்து மாணவருக்கு ஆறு பேருக்கு மேல் பெண்கள். இது எமக்குப் பெருமைதான். ஆனால் படிப்பை இடையில் விட்டுவிட்டுச் சந்தியில் நிற்கும் பையன் யாருடைய பிள்ளை? இலங்கையில் தற்கொலை செய்துகொள்வோரில் பெரும்பான்மையினர் ஆண்கள். வாய்விட்டு அழத் தெரியாதவர்களாக அவர்களை யார் ஆக்கியது?

மறுபக்கத்தையும் நாம் அறிவோம். 2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலைக்குப் புறப்பட்ட மாணவி வீடு திரும்பவில்லை. அன்று எமது மாணவிகளும் வெள்ளைச் சீருடையுடன் வீதியில் இறங்கினார்கள். 2017 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் கூடிய விசேட நீதிமன்றம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. அந்த மாணவியின் தாயை நினைத்து அழுதோம். குற்றம் செய்தவர்களும் எங்கோ ஒரு வீட்டில் சோறூட்டி வளர்க்கப்பட்டவர்கள் என்பதை மட்டும் நினைத்துப் பார்க்கப் பயந்தோம். அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. பஸ்ஸிலும் ரயிலிலும் செல்லும் பெண்களில் 90 வீதமானோர் வாழ்நாளில் ஒரு தடவையேனும் பாலியல் தொந்தரவுக்கு உள்ளாகியிருப்பதாக ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வு சொல்கிறது. ஆய்வு வருமுன்னரே எமக்கு அது தெரியும். பாடசாலைக்கு வரும் பஸ்ஸில் கையில் ஊசியுடன் நின்றவர்கள் நாங்கள். அந்த ஊசியை மகளுக்கும் கொடுத்தோம். மகனுக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னோமா?

இனி ஒரு சம்பவம். எங்களில் ஒருத்தியின் வீட்டில் நடந்தது. பெயர் வேண்டாம், அது எந்த வீட்டிலும் நடந்திருக்கலாம்.

மகன் சாதாரண தர வகுப்பில் படிக்கிறான். அமைதியான பிள்ளை. அவனுடைய நண்பன் ஒருவனை விரும்பவில்லை என்று ஒரு மாணவி சொல்லிவிட்டாள். அந்த நண்பன் அவளுடைய படத்தின் மேல் அசிங்கமான வசனங்கள் எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டான். எமது மகன் அதற்குச் சிரிப்புக் குறி போட்டு, மற்றவர்களுக்கும் அனுப்பினான். விடயம் வகுப்பாசிரியர் மூலம் வீட்டுக்கு வந்தது. "நான் செய்யேல்லை அம்மா, அனுப்பினனான் மட்டும்தான்" என்றான்.

தாயின் வாயில் வந்த முதற் கேள்வி: "வேற ஆரும் கண்டவையோ?" இரண்டாவது: "அந்தப் பிள்ளை ஏன் தன்ரை படத்தை வெளியிலை போட்டவள்?"

பெண்ணுரிமை பற்றி விவாத மேடைகளில் பேசிப் பரிசு பெற்ற மாணவி அவர். இரவு முழுவதும் தன் இரண்டு கேள்விகளையும் நினைத்துக்கொண்டிருந்ததாக எம்மிடம் சொன்னார். அந்தப் பிள்ளை சாப்பிட்டாளா, பாடசாலைக்கு வந்தாளா என்று தான் கேட்கவேயில்லை என்றார். நாங்கள் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. எங்கள் வாயிலும் அதே கேள்விகள்தான் வந்திருக்கும்.

மறுநாள் வகுப்பாசிரியர் மூலமாக மன்னிப்புக் கேட்க அனுமதி கேட்டார். மாணவியின் தாய் சொல்லியனுப்பிய மறுமொழி இது: "மன்னிப்பு இப்ப வேண்டாம். அந்தப் படம் ஆராரிட்டைப் போனது எண்டு சொல்லச் சொல்லுங்கோ." மகன் கொப்பியை எடுத்து எழுதினான். 17 பெயர்கள். தாய் பக்கத்தில் இருக்க ஒவ்வொருவருக்காகக் தொலைபேசி எடுத்து, தான் செய்தது பிழை, படத்தை அழித்துவிடுங்கள் என்று சொன்னான். ஐந்தாவது அழைப்பில் அழுதுவிட்டான். தாய் கையைப் பிடித்துக்கொண்டார், தொலைபேசியை மட்டும் வாங்கவில்லை. மிகுதிப் பன்னிரண்டு பேருக்கும் அவனே பேசினான். சிலர் ஏற்கெனவே வேறு ஆட்களுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் திருப்பி எடுக்க முடியவில்லை. அதையும் அவன் அறிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பிள்ளையை உடனே மறைத்துக்கொள்ளும் இந்தக் குணம் எமக்கு எங்கிருந்து வந்தது? யோசித்தால் எங்கள் தாய்மாரின் காலம் நினைவுக்கு வருகிறது. 1984 இல் யாழ்ப்பாணத்தில் பிடித்துச் செல்லப்பட்ட ஆண்பிள்ளைகளுக்காக அன்னையர் முன்னணியாகத் திரண்டு ஊர்வலம் போனவர்கள் அவர்கள். சுற்றிவளைப்பு என்றால் மகனை ஒளித்தார்கள். பொழுது பட்டால் படலைக்கு வெளியே விடவில்லை. வீட்டில் இருந்தால் போதும், உயிரோடு இருந்தால் போதும் என்று கோப்பையையும் எடுத்துக் கொடுத்து வளர்த்தார்கள். அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்தும் எமது கைகளில் அந்தப் பழக்கம் மிஞ்சியிருக்கிறது. மகனுக்கு வரும் ஆபத்திலிருந்து அவனைக் காப்பாற்றத் தெரிந்த நாம், அவனால் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்து வரலாம் என்பதைக் காணப் பழகவில்லை.

பெண்ணியம் எமது மகன்மாருக்கு எதிரானது என்று பயப்படும் தோழிகளுக்கும் ஒரு வார்த்தை. இந்நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1931 இல். அதைக் கேட்டவர்களையும் குடும்பத்தைக் குழப்ப வந்தவர்கள் என்றுதான் பலர் ஏசினார்கள். இன்றும் தேசவழமையின்படி, சீதனமாக வந்த வீட்டை விற்பதற்கே மனைவிக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ஏன் என்று கேட்பதுதான் பெண்ணியம். அந்தக் கேள்வியால் மகனுக்கு ஒரு நட்டமும் வராது. பொய்ப் பழிக்குப் பயப்படும் தாய்க்கும் எமது பதில் இதுவே: சட்டம் இரு பக்கத்தையும் விசாரிக்கட்டும். மறுத்தால் விலகத் தெரிந்த, செய்ததை ஒளிக்காமல் சொல்லத் தெரிந்த பிள்ளைக்காக நாம் துணிந்து முன்னே நிற்கலாம்.

எனவே எமக்குள் மூன்று காரியங்களைப் பேசி முடிவெடுத்தோம். முதலாவது, சாப்பிட்ட கோப்பையை மகனே கழுவட்டும், தங்கச்சி பரீட்சைக்குப் படிக்கும்போது தேத்தண்ணியும் அவனே ஊற்றட்டும். சிறிய காரியந்தான், ஆனால் பெண்ணின் உழைப்பு தனக்குச் சேரவேண்டியது என்ற எண்ணம் குசினியில்தான் முளைக்கிறது. இரண்டாவது, 'வேண்டாம்' என்ற சொல்லை அவன் வீட்டிலேயே கேட்டுப் பழகட்டும். கேட்டதெல்லாம் கிடைத்து வளர்ந்தவனுக்கு ஒரு பெண்ணின் மறுப்பு அவமானமாகத் தெரிகிறது. மூன்றாவது, அவன் அழும்போது "பொம்பிளைப் பிள்ளை மாதிரி அழாதை" என்று சொல்வதை நிறுத்துவோம். அந்த ஒரே வசனத்தால் மகனின் வாயையும் அடைக்கிறோம், மகளையும் இழிவுபடுத்துகிறோம்.

இவை தாய்மாருக்கு மட்டுமான பாடங்களா என்று கேட்பீர்கள். இல்லை. தகப்பன் கோப்பை கழுவாத வீட்டில் மகனுக்குச் சொல்லும் புத்தி நிலைக்காது. ஆகவே இவ்வாண்டு முதல் அயலிலுள்ள ஆண்கள் பாடசாலைகளின் பெற்றோரையும் அழைத்து, தந்தையரும் வந்திருக்கும் கலந்துரையாடலொன்றை ஆண்டுதோறும் நடத்த உத்தேசித்துள்ளோம். வெளிநாட்டுக் கிளைகளும் இதைச் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

அந்த மாணவியைப் பற்றிக் கேட்பீர்கள். இரண்டு கிழமை பாடசாலைக்கு வராமலிருந்தவள் பிறகு வந்தாள், பரீட்சையும் எழுதினாள். மகன் அவளுக்கு எழுதிய மன்னிப்புக் கடிதம் இன்னும் வகுப்பாசிரியரின் லாச்சியில் இருக்கிறது. அவள் கேட்கும்போது கொடுப்பதென்று முடிவு. கேட்காமலும் விடலாம். அது அவளுடைய உரிமை.