பென்ஷனுக்கு விலை பேசிய கதை



இன்று நாம் பேசப் போவது பிரிட்டனில், வேல்ஸ் பகுதியில், போர்ட் டால்பட் என்ற கடற்கரை ஊரில் நடந்த விஷயம். கடல் கடந்த ஊர்க்கதை நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அந்த ஊர் உருக்காலையின் முதலாளி யார் தெரியுமா? நம் நாட்டு டாட்டா கம்பெனிதான். 2007-ல் அதை வாங்கினார்கள். அதற்கு முன் அது பிரிட்டிஷ் உருக்குக் கம்பெனி. 1967-ல் சர்க்கார் சொத்தாகி, 1988-ல் தனியாரிடம் போனது.

அந்த ஆலைகளின் தொழிலாளருக்கு ஒரு பென்ஷன் நிதி இருந்தது. அதில் ஒரு லட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்திருந்தார்கள். வேலை செய்த ஆண்டுகளையும் வாங்கிய சம்பளத்தையும் வைத்துக் கணக்கிட்டு, ஓய்வுக்குப் பின் சாகும் வரை மாதாமாதம் பணம். தொழிலாளி இறந்தால் மனைவிக்கு ஒரு பங்கு. விலைவாசி ஏறினால் அதை ஒட்டிக் கொஞ்சம் உயர்வு. பங்கு மார்க்கெட் விழுந்தாலும் எழுந்தாலும் தொழிலாளிக்குக் கவலை இல்லை. குறைந்தால் போட வேண்டியது கம்பெனி. இதைத்தான் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மீதிக் கதை முழுவதும் இதைச் சுற்றியே நடக்கிறது.

2016 மார்ச்சில் டாட்டா நிர்வாகம் பிரிட்டனிலுள்ள உருக்காலைகளை விற்கப் போவதாக அறிவித்தது. நஷ்டம் என்றது. இவ்வளவு பெரிய பென்ஷன் பொறுப்போடு ஆலையை வாங்க யார் வருவார்கள்? ஆகவே பென்ஷனை ஆலையிலிருந்து பிரித்துவிடும் பேச்சு தொடங்கியது. 2017-ல் அரசாங்க ஒழுங்குமுறை அதிகாரிகளின் சம்மதத்தோடு ஏற்பாடு முடிந்தது. கம்பெனி நிதிக்கு 55 கோடி ஸ்டெர்லிங் பவுன் கட்டியது. தன் பிரிட்டிஷ் வியாபாரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தது. பழைய பொறுப்பிலிருந்து விடுபட்டது.

பிறகு தொழிலாளியிடம் கேட்டார்கள்: நீ எங்கே போகிறாய்?

ஒரு வழி, கம்பெனி ஆதரவில் புதிதாக அமைத்த பென்ஷன் நிதி. அடிப்படைத் தொகை குறையாது, ஆனால் ஆண்டு உயர்வு முன்னைவிடக் குறைவு. இன்னொரு வழி, திவாலான கம்பெனிகளின் பென்ஷனை ஏற்பதற்காகச் சட்டப்படி அமைந்த பாதுகாப்பு நிதி. ஓய்வு வயது வராதவர்களுக்கு அங்கே நூற்றுக்குப் பத்து வெட்டு. இரண்டுமே நஷ்டந்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டிலும் சாகும் வரை மாதப் பணம் உண்டு. 2017 அக்டோபரில் கடிதங்கள் வந்தன. டிசம்பருக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று கெடு. பல ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் விளக்கம் கேட்டால் என்ன நடக்கும்? தொலைபேசியில் ஆள் கிடைக்கவில்லை. கணக்குத் தாள் கைக்கு வரத் தாமதம்.

மூன்றாவது ஒரு கதவும் இருந்தது. இன்னும் பென்ஷன் வாங்கத் தொடங்காதவர்கள் தங்கள் உரிமை முழுவதையும் விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடான தொகையை மொத்தமாகத் தனியார் பென்ஷன் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். அன்று வட்டி விகிதம் மிகக் குறைவாக இருந்ததால் அந்த ஈட்டுத் தொகை மிகப் பெரிதாகத் தெரிந்தது. சராசரியாக ஒருவருக்கு மூன்றரை லட்சம் பவுன். ஆயுள் முழுவதும் ஊதுலைச் சூட்டில் நின்றவனுக்கு இப்படி ஒரு எண்ணைக் காகிதத்தில் காட்டினால் மனம் தடுமாறாதா?

கழுகுகள் வந்தது இந்த இடத்தில்தான். தரகர்கள் ஊருக்குள் இறங்கினார்கள். தொழிலாளர்களைக் கூட்டி, வறுத்த உருளைக்கிழங்கும் இறைச்சியும் வாங்கிக் கொடுத்துப் பேசினார்கள். "கம்பெனியை இன்னுமா நம்புகிறீர்கள்? பாதுகாப்பு நிதிக்குப் போனால் வெட்டு. கெடு முடிகிறது, சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கள், உங்கள் பணம் உங்கள் பிள்ளைகளுக்குப் போகட்டும்" என்ற பாணியில் பேச்சு. கம்பெனி மேல் தொழிலாளிக்கு இருந்த நியாயமான கோபத்தையே தூண்டில் புழுவாக்கினார்கள். பக்கத்து மெஷின்காரன் மாற்றிவிட்டான் என்று கேட்டால் நமக்கும் கால் பரபரக்கத்தானே செய்யும்?

சட்டம் சும்மா இருந்ததா என்றால், இல்லை. 30,000 பவுனுக்கு மேற்பட்ட இத்தகைய பென்ஷனை மாற்றுவதற்கு முன் அங்கீகாரம் பெற்ற ஆலோசகரிடம் ஆலோசனை கேட்டே தீர வேண்டும் என்று 2015-லிருந்து விதி. தொழிலாளியைக் காக்கவே அந்த விதி. ஆனால் ஆலோசகருக்குக் கூலி எப்படி? பல இடங்களில், தொழிலாளி மாற்றினால்தான் கூலி; "மாற்றாதே" என்று சொன்னால் காசு இல்லை. ஆட்டைக் காக்க ஓநாயை வைத்து, ஆடு குறைந்தால் சம்பளம் என்று பேசிய கதைதான் இது! இந்தக் கூலி முறையை 2020 அக்டோபரில், சில விலக்குகளோடு, தடை செய்தார்கள். அதற்குள் உருக்குத் தொழிலாளியின் பணம் போய்விட்டது.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். எண்கள் நாம் வசதிக்காக வைத்தவை. ஆண்டுக்கு 12,000 பவுன் பென்ஷன் வர வேண்டியவருக்கு 3,00,000 பவுன் தருகிறார்கள். 25 ஆண்டில், உயர்வே இல்லாமல், அந்தத் தொகை தீர்ந்துவிடும். அவர் முப்பது ஆண்டு வாழ்ந்தால்? அவருக்குப் பின் மனைவி பத்து ஆண்டு வாழ்ந்தால்? பணத்தை மார்க்கெட்டில் போட்டால் வளருமே என்பார்கள். வளரலாம், விழவும் செய்யலாம். விழுந்தால் போட கம்பெனி வராது. அதைப் பராமரிக்கும் நிறுவனங்கள் ஆண்டுக்கு நூற்றுக்கு 2 எடுத்தாலே முதல் ஆண்டில் 6,000 பவுன். வர வேண்டிய பென்ஷனில் சரிபாதி!

மாற்றிய ஒவ்வொருவரும் ஏமாந்தார் என்று சொல்வதும் நேர்மையாகாது. தீராத வியாதிக்காரர், குடும்பம் இல்லாதவர், வேறு வருமானம் உள்ளவர் - சிலருக்கு அது பொருந்தியிருக்கலாம். ஆனால் பிறகு அதிகாரிகளே கோப்புகளை எடுத்துப் பார்த்தபோது, இந்தத் தொழிலாளருக்குக் கொடுத்த ஆலோசனையில் நூற்றுக்கு 46 பொருத்தமற்றது என்று கண்டார்கள். மற்ற இடங்களில் இது 17. ஏறக்குறைய 8,000 பேர் வெளியேறினார்கள். அவர்களோடு போன பணம் சுமார் 280 கோடி பவுன்.

பார்லிமெண்டுக் கமிட்டி 2018 பிப்ரவரியில் கண்டித்து அறிக்கை கொடுத்தது. பத்து ஆலோசனை நிறுவனங்கள் இந்த வேலையை நிறுத்தின. சில நிறுவனங்கள் இழுத்து மூடப்பட்டன. மூடிய நிறுவனத்திடம் யார் போய் நஷ்ட ஈடு கேட்பது? அதற்கென்று ஒரு ஈட்டு நிதி உண்டு. அதிலும் ஒரு கொடுமை பாருங்கள்: 2019 ஏப்ரலுக்கு முன் நிறுவனம் மூழ்கியிருந்தால் அதிகபட்சம் 50,000 பவுன், அதற்குப் பின் மூழ்கியிருந்தால் 85,000. ஒரே ஆலை, ஒரே ஷிப்டு, ஒரே மாதிரி நஷ்டம். ஆலோசகர் திவாலான தேதியை வைத்து ஈடு!

முறையான நஷ்ட ஈட்டுத் திட்டம் தொடங்கியது 2023 பிப்ரவரி 28-ல். ஐந்து ஆண்டு தாமதம். அதற்குள் வட்டி விகிதம் ஏறிவிட்டது. வட்டி ஏறினால், இழந்த பென்ஷனை மறுபடி வாங்கத் தேவைப்படும் தொகை குறையும். ஆகவே கணக்குப் போட்டபோது பலருக்கு "உங்களுக்கு நஷ்டமே இல்லை" என்று பதில் வந்தது. சீக்கிரம் வழக்கு முடித்தவர் வாங்கினார். காத்திருந்தவர் கை விரித்து நின்றார். புதிய நிதியில் தங்கியவர்களின் நிலை வேறு: 2023-க்குள் அவர்களுடைய பென்ஷன் முழுவதற்கும் ஒரு பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் காப்பு வாங்கிவிட்டார்கள். ஆலைக்கு வந்த கதி தனி. 2024 ஜூலையிலும் செப்டம்பரிலும் போர்ட் டால்பட்டின் இரண்டு ஊதுலைகளும் அணைந்தன.

இனி நம் ஆலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மிடம் அந்த அளவு பென்ஷன் இல்லை. 1995-ம் ஆண்டு திட்டத்தின் சிறு தொகைதான். ஆனாலும் நாம் அடிக்கடி காண்பது இது: ஆறு ஆண்டு ஒரு மில்லில் இருந்துவிட்டு வெளியே வரும் தோழரிடம், வாசலில் நிற்கும் ஒருவர் 10-சி படிவத்தை நீட்டி, "பென்ஷன் பணத்தையும் எடுத்துவிடுங்கள்" என்கிறார். எடுத்தால் கையில் கொஞ்சம் பணம்; அந்த ஆறு ஆண்டும் அதோடு அழிந்தது. எடுக்காமல் ஸ்கீம் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தால், அடுத்த மில்லில் ஐந்து ஆண்டு சேர்ந்து பதினொன்றாகும். பத்து ஆண்டு நிறைந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன் உண்டு. எடுத்தவருக்கோ புதிய மில்லின் ஐந்து ஆண்டு மட்டுமே.

எனவே எந்தப் படிவம் வந்தாலும் அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டாம். வேலையில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பி.எப். நம்பர் மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு யூனியன் அலுவலகத்துக்கு வாருங்கள். பத்து ஆண்டுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.