மூக்குக்கு வந்த அளவுகோல்

பார்வை மங்கினால் சுவரில் எழுத்துப் பலகை மாட்டிச் சோதிப்பார்கள். காது மந்தமானால் அதற்கும் கருவி உண்டு. "டாக்டர், எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை" என்று ஒருவர் வந்து நின்றால்? காபித்தூளை மூக்கருகே நீட்டி, தெரிகிறதா என்று கேட்பதோடு வெகுகாலம் மருத்துவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். மோப்பத்தை அளக்கவும் மீட்கவும் நடந்த முயற்சிகளின் வரலாறுதான் இன்று.

மோப்பம் மனிதருக்கு அவ்வளவு முக்கியமில்லை என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. மூளையில் அதற்கான பகுதி சிறியது என்று காட்டி, மோப்பத்தில் மனிதரைப் பின்வரிசையில் வைத்தவர் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா. ஆனால் 1888ல் நெதர்லாந்தின் ஹென்ட்ரிக் ஸ்வார்டெமேக்கர் ஓர் எளிய கருவி செய்தார். ரப்பர் போன்ற மணமுள்ள பொருளாலான குழாய். அதற்குள் நகரும் கண்ணாடிக் குழாய். கண்ணாடியை வெளியே இழுக்க இழுக்க, மணமுள்ள பரப்பு கூடுதலாகத் திறக்கும். எத்தனை சென்டிமீட்டரில் வாசனை தெரிந்தது என்று குறித்துக்கொள்ளலாம். வாசனை எண்ணில் வந்தது.

அளவு வந்தும் மதிப்பு வரவில்லை. 1937ல் கனடாவின் டொராண்டோவில் போலியோ பரவியது. கிருமி மோப்ப நரம்பைப் பிடித்துக்கொண்டுதான் மூளைக்கு ஏறுகிறது என்று அன்று நம்பினார்கள். குரங்குகளிடம் செய்த சோதனைகள் அப்படிக் காட்டியிருந்தன. அந்த வழியை அடைக்க, சுமார் 5,000 குழந்தைகளின் மூக்கு உச்சியில் துத்தநாக சல்பேட் கரைசலைத் தெளித்தார்கள். போலியோ தடுக்கப்படவில்லை. சில குழந்தைகளுக்கு மோப்பம் போனதுதான் மிச்சம். போலியோ கிருமி வாய் வழியாகப் போய்க் குடலில் பெருகுவது என்பது பிறகுதான் உறுதியானது. பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பார்வைக்கு ஆபத்துள்ள ஒரு மருந்தை இத்தனை குழந்தைகளின் கண்ணில் விட அன்று யாராவது துணிந்திருப்பார்களா? மூக்கு என்பதால்தானே துணிந்தார்கள்? இதில் இன்னும் வேதனையானது, அந்தப் பாடமும் நிலைக்கவில்லை. சளிக்கு என்று மூக்கில் இடும் துத்தநாகக் களிம்புகள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. மோப்பம் போனதாகப் புகார்கள் குவிந்த பிறகு, 2009ல்தான் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது.

நோயாளியின் பேச்சுக்கு வலு சேர்த்தது 1984ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் டோட்டி கொண்டுவந்த சோதனை. சிறு புத்தகங்கள், அவற்றில் 40 மணங்கள். பென்சிலால் சுரண்டி முகர்ந்து, நான்கு விடைகளில் ஒன்றைக் கட்டாயம் குறிக்க வேண்டும். மோப்பமே இல்லாதவரும் குருட்டாம்போக்கில் சுமார் பத்தைச் சரியாகச் சொல்லிவிடுவார். ஒன்றுகூடச் சரியில்லை என்றால், சரியான விடை தெரிந்தே தவிர்க்கிறார் என்று சந்தேகிக்கலாம். தலையில் அடிபட்டு மோப்பம் இழந்து இழப்பீடு கேட்பவருக்கு இது எவ்வளவு பெரிய துணை! ஒரு குறை உண்டு. பூசணிப் பணியாரம், வேர்ச்சாற்றுப் பானம் என்று அமெரிக்க அடுக்களை வாசனைகள் அதில் நிறைய. அவற்றை அறியாதவர் நல்ல மூக்கோடும் தோற்றுவிடுவார்.

1997ல் ஜெர்மனியில் பேனா வடிவச் சோதனை வந்தது. எவ்வளவு மெல்லிய மணம் தெரிகிறது, மூன்றில் மாறுபட்டது எது, இது என்ன மணம் என மூன்றையும் சேர்த்து 48 மதிப்பெண். பதினாறும் அதற்குக் கீழும் என்றால் மோப்பம் இழந்தவர் என்று கணக்கு.

அந்தச் சோதனையை உருவாக்கிய குழுவில் இருந்த டிரெஸ்டன் மருத்துவர் தாமஸ் ஹம்மல் 2009ல் வெளியிட்ட சிகிச்சையை நான் இந்த வரலாற்றின் உச்சம் என்பேன். மாத்திரையும் இல்லை, கத்தியும் இல்லை. ரோஜா, நீலகிரித் தைலம், எலுமிச்சை, கிராம்பு: காலையும் மாலையும் முகர வேண்டும், 12 வாரம். நான்கும் ஏதோ கையில் கிடைத்தவை அல்ல. 1916ல் ஹான்ஸ் ஹென்னிங் மணங்களைப் பூ, பழம், பிசின், மசாலா, அழுகல், கருகல் என்று வகுத்திருந்தார். அதில் முதல் நான்குக்கு ஒவ்வொன்று. பயிற்சி செய்த 40 பேரில் ஒரு பகுதியினருக்கு மதிப்பெண் ஏறியது. செய்யாத 16 பேரிடம் அந்த முன்னேற்றம் இல்லை. மோப்ப நரம்பணுக்கள் வாழ்நாள் முழுதும் புதிதாக முளைப்பவை. முளைப்பவற்றுக்கு வேலை கொடுப்பதே இதன் அடிப்படை.

2020ல் கொரோனா வந்தபோது இந்தப் பயிற்சி உலகம் முழுக்கத் தேவைப்பட்டது. கிருமி முக்கியமாகத் தாக்கியது நரம்பணுக்களை அல்ல, அவற்றைத் தாங்கும் அணுக்களை; பலருக்குச் சில வாரங்களில் மோப்பம் திரும்பியது அதனால்தான். சிலருக்குக் காபியும் வெங்காயமும் மாதக்கணக்கில் நாறின.

உங்களில் யாருக்காவது இந்தச் சிக்கல் இருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் முதலில் காரணத்தைப் பாருங்கள். மூக்குக்குள் சதை வளர்ந்திருந்தால் ஸ்டீராய்டு மருந்தோ அறுவை சிகிச்சையோ பயன் தரும். வயதானவருக்குக் காரணமின்றி மோப்பம் குறைந்தால் பார்க்கின்சன் நோயின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். பயிற்சிக்குக் கிராம்பும் எலுமிச்சையும் வீட்டிலேயே இருக்கின்றன; ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து விநாடி, பல மாதம் விடாமல் முகர வேண்டும். மோப்பம் திரும்பும்வரை சமையல் எரிவாயு கசிந்தால் ஒலிக்கும் கருவி ஒன்றை அடுப்படியில் பொருத்திவிடுங்கள்.